அந்த மூன்று பங்கர்களையும் மூடாதீர்கள்: நம் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று பங்கர்களையும் (போர்க்காலப் பதுங்குகுழிகளையும்) கொங்கிரீட் ஊற்றி நிரப்பி, மேலே தார் போட்டுக் கார் தரிப்பிடம் ஆக்குவதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். பெற்றோருக்கு வந்த சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில், விளையாட்டுப் போட்டி அறிவித்தலுக்கும் கட்டண நினைவூட்டலுக்கும் நடுவே அது இரண்டு வரியாகக் கிடந்தது. பொதுக்கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்கக் கை உயர்த்தினேன். நேரம் முடிந்துவிட்டது, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றீர்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பே கொங்கிரீட் லொறி வந்துவிடும் என்று அறிகிறேன். அதனால்தான் இந்த மடல். மற்றப் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

மூடப்போவது எதை என்று சுற்றறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. புதிதாகச் சேர்ந்த பெற்றோர் பலருக்கு அங்கே பங்கர் இருப்பதே தெரியாது. பிள்ளைகள் உருண்டு விளையாடுகிற புல்மேடு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். எனவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் நாம் காசு சேர்த்து வாங்கிய இந்தக் காணி, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையின் விமானத்தளமாக இருந்தது. நம் பிள்ளைகள் வாய்ப்பாடும் ஆத்திசூடியும் சொல்கிற மண்டபம் அந்தக் காலத்தில் படையினரின் சாப்பாட்டு மண்டபம். போர் முடிந்து தளம் மூடப்பட்டபின் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். மிஞ்சியிருப்பவை நம் மண்டபம், தளத்தைச் சுற்றி ஓடிய கொங்கிரீட் பாதையின் ஒரு துண்டு, அப்புறம் இந்த மூன்று பங்கர்கள்.

இவை ஸ்டான்டன் வகையைச் சேர்ந்தவை. டெர்பிஷயரில் இருந்த ஸ்டான்டன் இரும்பாலை, கொங்கிரீட்டை வளைவான துண்டுகளாக முன்கூட்டியே வார்த்து அனுப்பும். தளத்தில் இரண்டிரண்டு துண்டாக நிமிர்த்தி, உச்சியில் போல்ட் போட்டு முடுக்கி, வரிசையாக அடுக்கி, மேலே மண் மூடிவிடுவார்கள். வழமையான அளவில் 50 பேர் இருபுறமும் வாங்கில் முகம் பார்த்து உட்காரலாம். நாட்டின் பல விமானத்தளங்களில் இதே வகைதான் போடப்பட்டது. உள்ளே போனால் துண்டுகள் சேரும் மூட்டுகள் வளையம் வளையமாகத் தெரியும். போல்ட்கள் துருவேறியிருக்கின்றன. வளைவு ஒரு இடத்திலும் இறங்கவில்லை.

இவ்வளவையும் யாரும் புத்தகத்தில் தேடிப் படிக்கலாம். நான் அங்கே இறங்கியபோது கண்டது வேறொன்று. படிகளில் இறங்கினால் நேரே உள்ளே போக முடியாது; ஒரு சுவர் குறுக்கே நிற்கும், பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். மறுமுனையில் இரும்பு ஏணி வைத்த ஒரு சதுரத் துவாரம், அவசரத்தில் ஏறி வெளியே போக. ஏன் அந்தத் திருப்பம், ஏன் அந்த இரண்டாவது வழி என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. உங்களில் பாதிப்பேருக்கும் தேவையிருக்காது. வாசலுக்கு நேரே குண்டு விழுந்தால் அதன் அதிர்வும் சிதறலும் நேர்கோட்டில் உள்ளே பாயும். திருப்பம் இருந்தால் சுவரில் மோதி அடங்கும். ஒரு வாசல் இடிந்து மூடினால் மற்ற வாசல் வேண்டும். ஊரில், யாழ்ப்பாணத்தில், போர் நடந்தபோது எங்கள் வளவில் அப்பா பங்கர் வெட்டத் தொடங்கினார்; அப்போது அயலில் இருந்த மேசன் ஒருவர் வந்து பார்த்து, "நேரா வெட்டாதேங்கோ, 'ட' மாதிரி திருப்புங்கோ, பின்னால ஒரு வழியும் விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். டெர்பிஷயரில் 1930களின் முடிவில் வரைபடம் போட்ட பொறியியலாளருக்கும் வலிகாமத்தில் 1990இல் அலவாங்கோடு நின்ற மேசனுக்கும் ஒரே கணக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்காதீர்கள். இந்த நாட்டில் பழைய விமானத்தளங்களுக்குப் பக்கத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். அந்தப் பங்கர்களுக்குள் இறங்கி, பக்கத்தில் ஆள் நெருக்க, மேலே சத்தம் கேட்க, உள்ளே இருப்பது எப்படி என்று உடம்பால் அறிந்தவர்கள் அவர்களில் இன்று மிகச் சிலர். 1940இல் பிள்ளைகளாக இருந்தவர்களே தொண்ணூறைத் தொடுகிறார்கள். நமக்கு அப்படியில்லை. நம் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் தேநீர் குடிக்கிற நாற்பது, ஐம்பது வயதுப் பெற்றோருக்கு அது நேற்று நடந்தது. இந்த மூன்று பங்கர்களையும் பார்த்தவுடனே படிக்கத் தெரிந்தவர்களின் கையில்தான் அவை வந்து சேர்ந்திருக்கின்றன. அவர்களே கொங்கிரீட் ஊற்றப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு, அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானத்தளம் அமைத்ததும் இதே பிரித்தானிய வான்படைதான், இதே போரில்தான். 1942 ஏப்ரல் 5இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. இலங்கையில் ஓடுபாதைகள் பெருகிய காலம் அது. போர் முடிந்தபின் பலாலியில் இருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் பறந்ததை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு அது எப்படி ஆயிற்று, 1990இல் அதைச் சுற்றியிருந்த வசாவிளானும் மயிலிட்டியும் கட்டுவனும் எப்படி ஆளில்லாமற் போயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஒக்ரோபரில் அங்கே மீண்டும் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். ஆக, ஒரே படை இங்கே ஒரு தளமும் அங்கே ஒரு தளமும் போட்டது. இங்கே அதன் பங்கர்கள் நம் கொல்லைக்குள் இருக்கின்றன. அங்கே அந்த ஓடுபாதைக்குப் பயந்து நாம் பங்கர் வெட்டினோம். இப்படியொரு பாடத்தைப் பத்து அடி தூரத்தில் வைத்துக்கொண்டு வேறெங்கே தேடுவது?

இங்கே 1940இல் என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் செயற்குழுவில் ஒருவர் "இது வெள்ளைக்காரனின் போர், நமக்கென்ன" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஓகஸ்ட் 15 மாலை லண்டனின் தெற்கே குரோய்டன் விமான நிலையம் ஜேர்மன் விமானங்களால் தாக்கப்பட்டது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலானோர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த சாதாரண ஆட்கள். இன்று அந்தப் பக்கத்துத் தெருக்களில் எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். ஓகஸ்ட் 24 நோர்த் வீல்ட் தளத்தில் ஒரு பங்கர் மீது நேரே குண்டு விழுந்து எசெக்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 9 பேர் உள்ளேயே இறந்தார்கள். ஓகஸ்ட் 30 பிக்கின் ஹில் தளத்தில் 39 பேர். அங்கே பெண்கள் துணைப்படையினர் இருந்த பங்கர் இடிந்து மண்ணுக்குள் புதைந்தது. மற்றவர்கள் தோண்டித் தோண்டி அவர்களை வெளியே எடுத்தார்கள். அந்தக் கோடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விமானிகளைத்தான் பேசுவார்கள். பங்கருக்குள் இருந்தவர்கள் சமையல்காரர், தொலைபேசிப் பெண்கள், எஞ்சின் திருத்துபவர்கள், கணக்கெழுதுபவர்கள். ஓட இடமில்லாமல் கீழே இறங்கிக் காத்திருந்த மனிதர்கள். அவர்களையும் நமக்குத் தெரியாது என்று சொல்லமுடியுமா?

நம் தளம் கென்லி மாதிரியோ பிக்கின் ஹில் மாதிரியோ புகழ்பெற்றதல்ல. அதனால்தான் சட்டப் பாதுகாப்புப் பட்டியல் எதிலும் இது இல்லை. கென்லியில் போர் விமானங்களை நிறுத்திவைத்த மண்கரைகள் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த தொல்சின்னமாகப் பதிவாகியிருக்கின்றன. அவற்றைத் திருத்த லொத்தர் நிதியில் இருந்து காசும் கிடைத்தது. பெயரில்லாத தளங்களில் உள்ளவைதான் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. இங்கே ஒரு வீடமைப்பு, அங்கே ஒரு களஞ்சியசாலை, இன்னொரு இடத்தில் நம்மைப் போல ஒரு கார் தரிப்பிடம்.

இப்போது பொதுக்கூட்டத்தில் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

முதலில், எல்லோரையும் வாயடைக்கச் செய்த காரணம். மூத்தவர் ஒருவர் எழுந்து, "பங்கர் பார்க்கவே இஞ்சை வந்தனாங்கள்? அதையெல்லாம் மறக்கத்தானே வந்தது" என்றார். மண்டபமே அமைதியானது. அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை, நீங்களும் அந்த அமைதியைச் சம்மதமாக எழுதிக்கொண்டீர்கள். அந்த ஐயாவின் வார்த்தையை நான் மதிக்கிறேன். அவர் எதைப் பார்த்திருப்பார் என்று ஊகிக்கவும் முடிகிறது. எனக்கும் நவம்பர் 5ஆம் திகதி இரவு வாணவெடி தொடங்கினால் இன்றைக்கும் தோள் இறுகும். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடும்போது நான் குசினிப் பக்கம் போய்விடுவேன். ஆகவே மறக்க விரும்புகிறவரைப் பிடித்து உள்ளே இறக்கு என்று நான் சொல்லவரவில்லை. பங்கர்கள் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கின்றன, வாசல் அடுத்த பக்கம். பார்க்க விரும்பாதவர் பார்க்காமலே பத்து வருடம் பிள்ளையைக் கூட்டிவந்து கூட்டிப்போகலாம். பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மறக்க விரும்புகிறவர் ஒருவர் என்றால், சொல்ல விரும்பியும் இடமில்லாமல் இருக்கிறவர்கள் பத்துப்பேர். அவர்கள் கூட்டத்தில் கையுயர்த்துகிற ஆட்கள் இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், தொண்டர் ஆசிரியையாக இருந்த காலத்தில் அதிபரின் அனுமதியோடு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரின் துணையுடன் ஒரு பங்கருக்குள் கூட்டிப் போயிருக்கிறேன். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் இந்தப் போரைப் படித்திருந்தார்கள். இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் பிரித்தானிய வரலாற்றின் திருப்புமுனைக்கு உதாரணமாகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று 1940இன் அந்த வான்போர். அன்டர்சன் பங்கர் அட்டையில் செய்து மாக் வாங்கியிருந்தார்கள். தோட்டத்தில் பாதி புதைத்து வைக்கிற தகரக் கூடு அது. ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு அரசே இலவசமாகக் கொடுத்தது. கீழே இறங்கியவுடன் பிள்ளைகளின் முதல் கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. மூலையில் தட்டிக்குப் பின்னால் ஒரு வாளி வைத்திருப்பார்கள் என்றேன். ஒரே சிரிப்பு. அப்போது துணைக்கு வந்த ஒரு தகப்பன், அதுவரை வாய் திறக்காதவர், "எங்கட பங்கரில வாளியும் இல்லை" என்று தொடங்கினார். பிறகு நிறுத்தவில்லை.

அவர் சொன்னதில் பலதும் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வலிகாமத்தில் செம்மண் கொஞ்ச ஆழம்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கு போட்டு இடித்து நெஞ்சளவு ஆழம் போக உள்ளங்கை கொப்பளித்துவிடும். கரையோர ஊர்களில் மணல் சரியும், அதற்கு இருபுறமும் பனங்குற்றி அண்டை கொடுக்கவேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றதும் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்க் கூரைக்குப் போயின. ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில்தான். உரப்பையில் மண் நிரப்பி மூட்டை. மாரியில் உள்ளே தண்ணீர் நிற்கும், வாளியால் இறைக்கவேண்டும். தவளை, பூரான், சிலவேளை பாம்பு. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு, அதுவும் மண்ணெண்ணெய் கிடைத்தால். சத்தத்தை வைத்தே வருகிற விமானம் ஹெலியா, சியாமாசெட்டியா, அவ்ரோவா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பள்ளிக்கூடங்களிலும் பங்கர் வெட்டி, மணி அடித்தால் எந்த வகுப்பு எந்தப் பங்கர் என்று பழக்கியிருந்தார்கள். பழக்கியும் எல்லா இடத்திலும் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. யாழ்ப்பாணத்து நாகர்கோவில் பாடசாலை மீது குண்டு விழுந்த 1995 செப்ரெம்பர் 22 நம் எவருக்கும் மறக்காது.

அந்தத் தகப்பனின் சொந்த மகளே அன்றுதான் இதை முதன்முதல் கேட்டாள். வீட்டில் பதினொரு வருடம் சொல்லாததை அவர் அந்த வளைவுக்குள் நின்று சொன்னார். வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த கட்டுரைகள், எந்தப் பேச்சுப்போட்டிக்கும் மனப்பாடம் செய்து சொன்ன எதையும்விட நல்ல தமிழில் இருந்தன. மாவீரர் பற்றியும் மொழிப்பற்றுப் பற்றியும் வருடா வருடம் ஒரே பந்தியைத் திருப்பித் திருப்பி எழுத வைப்பதைவிட இது மேல். (இதை எழுதுவதால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.)

ஊரில் எங்கள் வளவில் இருந்த பங்கரின் இடம் இப்போது கண்டுபிடிக்கமுடியாது. மூடி வாழை வைத்தாயிற்று. அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. நிலம் சாப்பாட்டுக்கு வேண்டும், வீடு கட்ட வேண்டும், கிணற்றடிக்குப் பக்கத்தில் குழியை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளை வளர்க்கமுடியாது. மண்ணும் பனங்குற்றியும் எப்படியும் நிலைக்காது. இங்கே நிலைமை வேறு. ஸ்டான்டன் கொங்கிரீட் எண்பது வருடத்துக்கும் மேல் நின்றிருக்கிறது. அதை இல்லாமல் செய்ய வேண்டிய தேவை நமக்கு இருபத்துச் சொச்சம் காருக்காக மட்டும்தான்.

பாதுகாப்பு என்ற காரணம் நியாயமானது. ஒரு வாசலின் தகரக் கதவு கழன்று கிடக்கிறது, அவசரத் துவாரத்தின் மூடியும் உக்கிவிட்டது, ஒரு பிள்ளை விழுந்தால் நாம் எல்லோரும் பொறுப்பு. ஆனால் அதற்கு வழி கதவு போடுவது. துவாரத்துக்கு இரும்புக் கிராதி, வாசலுக்குப் பூட்டோடு கம்பிக்கதவு. காப்புறுதிக் கம்பனி கேட்பதும் அதுதான். நிரப்பச் சொல்லி அவர்கள் எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் எல்லோருக்கும் காட்டுங்கள். அத்துடன் வெற்றிடத்தின் மேல் கார் நிறுத்துவது பற்றி ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரைக் கேட்டீர்களா? திரவக் கொங்கிரீட் வளைவின் மூலைமுடுக்கு எல்லாம் போய் நிரம்பாவிட்டால், உள்ளே காற்றுப்பை விட்ட இடத்தின் மேல் கார்கள் நிற்கும். இன்று பூட்டினால் நாளைக்குத் திறக்கலாம். நிரப்பினால் அதோடு முடிந்தது.

சட்டமும் ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றறிக்கை தொடவே இல்லை. பின்பக்கப் பங்கரின் கூரை மூட்டுகளுக்குக் கீழே வௌவால் எச்சம் கிடக்கிறது. நான் பார்த்தது மட்டுமல்ல, துப்புரவுக்கு வந்த தொண்டர்களும் பார்த்திருக்கிறார்கள். குளிரும் ஈரமும் மாறாமல் இருக்கிற இப்படியான நிலத்தடி இடங்கள் மாரிகாலத்தில் வௌவால்கள் உறங்கப் பிடித்தமானவை. இந்த நாட்டில் எல்லா வௌவால் இனங்களும் அவை தங்கும் இடமும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அந்த நேரத்தில் வௌவால் உள்ளே இல்லாவிட்டாலும் தங்குமிடத்தை அழிப்பது குற்றம். தண்டம் மட்டுமல்ல, சிறையும் உண்டு. தகுதியுள்ளவரைக் கொண்டு வௌவால் ஆய்வு செய்யாமல் கொங்கிரீட் ஊற்றினால், கையெழுத்திட்ட நிர்வாகிகள்தான் பதில் சொல்லவேண்டி வரும். கம்பிக்கதவு போடும்போது கம்பிகளைக் கிடையாகப் போட்டால் வௌவால் பறந்து போய்வரும், பிள்ளைகள் நுழைய முடியாது. பல பழைய பங்கர்களில் இப்படித்தான் செய்கிறார்கள். கார் தரிப்பிடத்துக்குக் கவுன்சிலின் திட்டமிடல் அனுமதியும் வேண்டும். விண்ணப்பம் போனால் அயலவர் கருத்துச் சொல்ல வழமையாக 21 நாள் கொடுப்பார்கள். அயலில் இருக்கிற ஆங்கிலேயக் குடும்பங்களில் தாத்தா இந்தத் தளத்தில் வேலைசெய்தவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் எதிர்த்து எழுதும்போது, போரில் இருந்து தப்பி வந்தவர்களின் பள்ளிக்கூடம் பங்கரை மூடுகிறதாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். அதைப் படிக்க நான் விரும்பவில்லை, நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

கார் பிரச்சினை உண்மையானது. சனிக்கிழமை காலை அந்த ஒழுங்கையில் நடக்கிற கூத்து எல்லோருக்கும் தெரியும். அயலவரின் கேற்றை மறித்து விட்டுவிட்டு "ரெண்டு நிமிசம்" என்று சொல்லிப் போகிறவர்கள் பங்கரை மூடினாலும் திருந்தப்போவதில்லை. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம், கவுன்சிலுக்குச் சொந்தமான பழைய சுற்றுப்பாதைக் கொங்கிரீட் சும்மா கிடக்கிறது. போர் விமானம் உருண்டு போன தளம் அது, நம் ரொயோட்டாவைத் தாங்காதா? சனிக்கிழமைகளுக்கு மட்டும் அதை வாடகைக்குக் கேட்டு ஒரு கடிதம்கூடப் போகவில்லை என்று பொருளாளரே என்னிடம் சொன்னார். வகுப்புகளின் தொடக்க நேரத்தை அரை மணி இடைவெளியில் இரண்டாகப் பிரித்தாலே நெரிசல் பாதி குறையும்.

ஆகவே உங்களிடம் கேட்பவற்றை நேராகவே சொல்கிறேன்.

நிரப்பும் வேலைக்கு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். இட்டுவிட்டால் வேலையை நிறுத்திவையுங்கள். இந்த விடயத்துக்கு மட்டும் ஒரு சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். ஒப்பந்தகாரரின் மதிப்பீடு, காப்புறுதிக் கடிதம், வரைபடம் மூன்றையும் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்பாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள். முடிவைக் கையுயர்த்தி எடுக்காமல் இரகசிய வாக்கில் எடுங்கள், ஏனென்றால் மூத்தவர்கள் முன்னிலையில் பேசாத பலர் இருக்கிறார்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடியவை இரண்டு. இந்த வாரமே கழன்ற கதவையும் துவார மூடியையும் தற்காலிகமாகவேனும் அடையுங்கள். உள்ளே கால் வைத்துக் கலைக்காமல், வௌவால் ஆய்வாளரைக் கேட்டுச் செய்யுங்கள். அந்த ஆய்வுக்கான செலவில் ஒரு பகுதியைத் தர நானும் இன்னும் சில பெற்றோரும் தயார்.

மாவட்ட வரலாற்றுப் பதிவேட்டுக்கு மூன்று பங்கர்களின் படங்களையும் அளவுகளையும் அனுப்பி, கவுன்சிலின் உள்ளூர் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கும்படி பள்ளியின் பெயரில் விண்ணப்பியுங்கள். மரபுரிமைச் சின்னங்களைக் கவனிக்கிற அரச அமைப்பான ஹிஸ்ரொறிக் இங்லண்டுக்கு யாரும் தனிப்பட்ட முறையிலும் விண்ணப்பிக்கலாம். உங்களிடம் இருந்து பதில் வராவிட்டால் நான் அதைச் செய்வேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். லொத்தர் மரபுரிமை நிதி 10,000 பவுணில் இருந்து தொடங்கி உதவித்தொகை கொடுக்கிறது. ஒரு பங்கரைத் திருத்தி, விளக்குப் போட்டு, பெற்றோரின் பங்கர்க் கதைகளை ஒலிப்பதிவு செய்து பிள்ளைகளைக் கொண்டு எழுத்தாக்குகிற ஒரு திட்டத்துக்கு விண்ணப்பம் எழுத என்னால் முடியும். அனுமதி மட்டும் தாருங்கள். மற்ற இரண்டையும் பூட்டி வௌவாலுக்கு விடலாம்.

சுற்றுப்பாதையைச் சனிக்கிழமைகளுக்கு வாடகைக்குக் கேட்டு கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அதன் பிரதியைப் பெற்றோருக்குக் காட்டுங்கள்.

பதிலை இந்தத் தவணை முடிவதற்குள், எழுத்தில், எல்லாப் பெற்றோருக்கும் தாருங்கள். என் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், பள்ளியின் முன்னாள் தொண்டர் ஆசிரியை